வில்லியம் இவார்ட் ஃபேர்பேர்ன்

வில்லியம் இவார்ட் ஃபேர்பேர்ன் (பெப்ரவரி 28, 1885 – ஜூன் 20, 1960) பிரித்தானியக் காவல் அதிகாரியும், படைத்துறைப் பயிற்றுநரும், தற்காப்பு பற்றிய நூல்களின் ஆசிரியரும் ஆவார். இவர் 1907 முதல் 1940 வரை சீனாவின் ஷாங்காய் நகரில் காவற்பணி ஆற்றினார். அங்குப் பெற்ற அனுபவத்தின் அடிப்படையில் டிஃபெண்டு எனும் தற்காப்பு முறையை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய, கனடிய, அமெரிக்கச் சிறப்புப் படையினருக்கும் உளவாளிகளுக்கும் நெருக்கச் சண்டையில் பயிற்சி அளித்தார். எரிக் அந்தோணி சைக்ஸ் என்பவருடன் இணைந்து இவர் வடிவமைத்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி உலகப் புகழ் பெற்றது.

தற்காப்பு என்பது ஒருவர் கற்றுள்ள பிடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அன்று. எதிர்பாராத தாக்குதலில் அச்சம் உடலைப் பற்றிக்கொள்ளும் நேரத்திலும் தயங்காமல் செயற்படும் மனநிலையைப் பொறுத்தது என்பதே இவரது பயிற்சி முறையின் அடிப்படைக் கருத்தாகும். இன்றைய காவல்துறைப் பயிற்சியிலும் பொதுமக்களுக்கான தற்காப்பு வகுப்புகளிலும் காணப்படும் பல கூறுகளுக்கு இவர் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

இளமைக் காலம்

ஃபேர்பேர்ன் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்சயர் மாவட்டத்தில் உள்ள ரிக்மன்ஸ்வொர்த் எனும் ஊரில் பிறந்தார். 1901 ஆம் ஆண்டில், உரிய வயதை எட்டும் முன்பே, அரச கடற்படையின் தரைப்படைப் பிரிவில் சேர்ந்தார். பின்னர் கொரியாவின் சியோல் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்த பிரித்தானியத் தூதரகத்தின் காவற்பணியில் ஈடுபட்டார். துப்பாக்கி முனைக் கத்திச் சண்டையில் அவருக்கு ஆர்வம் ஏற்பட்டது இக்காலத்திலேயே ஆகும். 1907 இல் படையிலிருந்து விலகி ஷாங்காய் மாநகரக் காவல்துறையில் சேர்ந்தார்.

ஷாங்காய் நகரின் சூழல்

ஃபேர்பேர்னின் முறையைப் புரிந்துகொள்வதற்கு அக்கால ஷாங்காயின் நிலையை அறிதல் இன்றியமையாதது. அபினிப் போரில் சீனா தோல்வியுற்றதைத் தொடர்ந்து 1842 இல் ஏற்பட்ட நான்கிங் உடன்படிக்கையின்படி ஷாங்காய் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1863 இல் பிரித்தானிய, அமெரிக்கக் குடியிருப்புப் பகுதிகள் இணைந்து பன்னாட்டுக் குடியிருப்பு உருவானது. இது சீன மண்ணில் அமைந்திருந்தபோதும் அதன் ஆட்சி வெளிநாட்டு வணிகர்களின் செல்வாக்குக்கு உட்பட்ட மாநகர மன்றத்திடம் இருந்தது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதி தனியாகவும், சீன ஆட்சிப் பகுதி தனியாகவும் இருந்தன. ஒரு பகுதியில் குற்றம் செய்தவர் எளிதாக மற்றொரு பகுதிக்குத் தப்பிச் செல்ல முடிந்தது.

அபினிக் கடத்தல், ஆட்கடத்தல், ஆயுதக் கொள்ளை ஆகியவை நகரில் பெருகியிருந்தன. பச்சைக் கும்பல் போன்ற இரகசியக் குழுக்கள் பெரும் செல்வாக்குடன் விளங்கின. பன்னாட்டுக் குடியிருப்பின் காவல்துறையில் பிரித்தானியர், சீனர், இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர், பிற்காலத்தில் ஜப்பானியர் ஆகியோர் தனித்தனிப் பிரிவுகளாகப் பணியாற்றினர். இருளடைந்த சந்துகளிலும் நெருக்கமான படிக்கட்டுகளிலும் மிகக் குறைந்த தொலைவில் திடீரெனச் சண்டை மூள்வது இக்காவலர்களுக்கு வழக்கமான அனுபவமாக இருந்தது.

தாக்குதலும் ஜுஜுட்சுப் பயிற்சியும்

பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாத நிலையில், சுற்றுக்காவலின்போது ஃபேர்பேர்ன் ஒரு கும்பலால் கடுமையாகத் தாக்கப்பட்டார். மருத்துவமனையில் நினைவு திரும்பியபோது ஒக்காடா எனும் ஜப்பானிய ஜுஜுட்சு ஆசிரியரின் அறிவிப்புப் பலகையை அவர் கண்டதாகவும், உடல் தேறியதும் அவரிடம் மாணவராகச் சேர்ந்ததாகவும் கூறப்படுகிறது. கடற்படையில் கற்ற குத்துச்சண்டையும் கத்திச் சண்டையும் தெருவில் பலர் கூடித் தாக்கியபோது அவரைக் காக்கவில்லை என்பதே இத்தேடலுக்குக் காரணமாக அமைந்தது.

பல ஆண்டுகள் ஜுஜுட்சு பயின்றதுடன், சீனத் தற்காப்புக் கலைகளையும் கற்றார். கானோ ஜிகோரோ நிறுவிய கொடோகான் ஜூடோப் பள்ளியில் முதலில் கறுப்புப் பட்டையும் பின்னர் அதன் இரண்டாம் நிலையும் பெற்றார். பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான மோதல்களில் இவர் ஈடுபட்டதாகவும், கைகளிலும் உடலிலும் கத்திக் காயத் தழும்புகள் இருந்ததாகவும் இவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

டிஃபெண்டு

தாம் கற்ற கலைகள் அனைத்தையும் அப்படியே காவலர்களுக்குக் கற்பிப்பது பயன் தராது என ஃபேர்பேர்ன் உணர்ந்தார். ஜூடோவில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் தேவை. புதிதாகச் சேரும் காவலருக்கோ சில வாரங்களில் தெருவுக்குச் செல்ல வேண்டிய நிலை இருந்தது. எனவே ஜுஜுட்சு, சீனக் கலைகள், குத்துச்சண்டை, மற்போர் ஆகியவற்றிலிருந்து எளிதில் கற்கக்கூடியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துத் தொகுத்தார். இம்முறைக்கு டிஃபெண்டு எனப் பெயரிட்டு 1926 இல் அதே பெயரில் நூலாக வெளியிட்டார். இதன் விரிவாக்கப்பட்ட பதிப்பு 1931 இல் சயின்டிஃபிக் செல்ஃப்-டிஃபென்ஸ் எனும் பெயரில் வெளிவந்தது. அமெரிக்க நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அதற்கு முன்னுரை எழுதினார்.

டிஃபெண்டு முறையின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

திறந்த கை: முட்டியால் எலும்பைத் தாக்கினால் அடிப்பவரின் விரல் எலும்புகளே முறியக்கூடும். எனவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையைக் கீழிருந்து மேலாகத் தாக்குவதும், கையின் ஓரத்தால் வெட்டுவது போல் அடிப்பதும் பரிந்துரைக்கப்பட்டன.

தாழ்ந்த உதை: உயரமாக உதைப்பவர் நிலை தடுமாறுவார். எனவே காலணியின் ஓரத்தால் முழங்காலுக்குக் கீழே உதைப்பதே கற்பிக்கப்பட்டது.

பிடியிலிருந்து விடுபடுதல்: மணிக்கட்டைப் பற்றியவரின் பிடியில் வலுக்குறைந்த இடம் அவரது கட்டைவிரல் ஆகும். அத்திசையில் கையைத் திருப்பி இழுத்தால் வலிமை குறைந்தவரும் விடுபட முடியும்.

சமநிலை: எதிரியின் உடல் சமநிலையை முதலில் குலைக்க வேண்டும், தம் சமநிலையை ஒருபோதும் இழக்கக் கூடாது.

அளவு: குடிபோதையில் இருப்பவரைக் காயமின்றி அழைத்துச் செல்வதற்கான பிடிகளும், உயிருக்கு ஆபத்தான நிலையில் பயன்படுத்தும் அடிகளும் இதில் இடம்பெற்றன. எதை எப்போது பயன்படுத்துவது என்பதைச் சூழலே தீர்மானிக்கும்.

மே 30 நிகழ்வும் கலகத் தடுப்புப் பிரிவும்

1925 மே 30 அன்று ஷாங்காயின் நான்கிங் சாலையில் திரண்டிருந்த சீன மாணவர்கள் மீதும் பொதுமக்கள் மீதும் பன்னாட்டுக் குடியிருப்பின் காவலர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பலர் உயிரிழந்தனர். இதனைக் கண்டித்துச் சீனா முழுவதும் வேலைநிறுத்தங்களும் வெளிநாட்டுப் பொருள் மறுப்பும் நடைபெற்றன. இது மே முப்பது இயக்கம் என வரலாற்றில் அறியப்படுகிறது.

கூட்டத்தின் முன் அஞ்சி நிற்கும் சில காவலர்களிடம் துப்பாக்கி மட்டுமே இருந்தால் அவர்கள் அதையே பயன்படுத்துவர் என்பதை இந்நிகழ்வு காட்டியது. இதைத் தொடர்ந்து ஃபேர்பேர்ன் தலைமையில் கலகங்களைக் கையாள்வதற்கான சிறப்புப் பிரிவு ஒன்று உருவாக்கப்பட்டது. தடிகள், கண்ணீர்ப்புகை, ஒழுங்கான அணிவகுப்பு ஆகியவற்றின் மூலம் கூட்டத்தைக் கலைக்க அதன் உறுப்பினர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். ஆயுதக் கொள்ளையர் பதுங்கியுள்ள வீடுகளில் நுழைவதும் இப்பிரிவின் பணியாக இருந்தது. குண்டு துளைக்காத மேலாடைகளையும் கேடயங்களையும் மேம்படுத்துவதிலும் ஃபேர்பேர்ன் ஈடுபட்டார். பிற்காலத்தில் உலகின் பல நகரங்களில் தோன்றிய அதிரடிக் காவற்பிரிவுகளுக்கு இது ஒரு முன்மாதிரியாகச் சுட்டப்படுகிறது.

கைத்துப்பாக்கிப் பயிற்சியில் மாற்றம்

அக்காலத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சி என்பது பகல் வெளிச்சத்தில், நிமிர்ந்து நின்று, வட்டப் பலகையைக் குறிபார்த்து நிதானமாகச் சுடுவதாகவே இருந்தது. ஃபேர்பேர்னும் சைக்சும் காவல்துறையின் மோதல்களை ஆராய்ந்தபோது உண்மை நிலை இதற்கு முற்றிலும் மாறாக இருப்பதைக் கண்டனர். இவர்கள் எழுதிய ஷூட்டிங் டு லிவ் எனும் நூலில், பன்னிரண்டரை ஆண்டுக் காலத்தில் 666 ஆயுத மோதல்கள் நிகழ்ந்ததாகப் பதிவு செய்துள்ளனர். மோதல்கள் பெரும்பாலும் சில அடித் தொலைவில், மங்கலான வெளிச்சத்தில், ஒருசில நொடிகளுக்குள் முடிந்துவிடுபவை என்பது இவர்களின் முடிவாகும்.

உயிராபத்தில் மனித உடல் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையும் இவர்கள் கவனித்தனர். திடீர்த் தாக்குதலின்போது ஒருவர் தம்மை அறியாமலே குனிகிறார். கையில் உள்ளதை இறுகப் பற்றுகிறார். ஆபத்து வரும் திசையை முகத்தோடும் உடலோடும் நேராக எதிர்கொள்கிறார். விரல் நுனிகளின் நுட்பமான அசைவுகள் அப்போது கைகூடுவதில்லை. இந்த இயல்பை எதிர்த்துப் பயிற்றுவிப்பதற்கு மாறாக, இயல்பையே பயிற்சியாக மாற்றினார் ஃபேர்பேர்ன். குனிந்த நிலையில், ஒரு கையால், கண்ணால் குறிபார்க்காமல், உடலின் திசையாலேயே துப்பாக்கியை இலக்கை நோக்கி நீட்டிச் சுடுவது கற்பிக்கப்பட்டது. பதற்றத்தில் பாதுகாப்பு விசையை நீக்க மறந்துவிடுவர் என்பதால், காவலரின் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் அவ்விசை செயலற்றதாக்கப்பட்டது. அதற்கு ஈடாக, குண்டு அறையில் தோட்டா இல்லாமலே துப்பாக்கி எடுத்துச் செல்லப்பட்டது. உறையிலிருந்து எடுக்கும்போதே மேற்பகுதியை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் அசைவு இடையறாது பழக்கப்படுத்தப்பட்டது.

பயிற்சிக் களமும் மாற்றப்பட்டது. காவலர் படிகளில் ஓடி ஏறி, மூச்சு வாங்கும் நிலையில், இருண்ட அறைகளுக்குள் நுழைய வேண்டும். எதிர்பாராத ஒலிகள் எழும். இலக்குகள் திடீரெனத் தோன்றி மறையும். அவற்றுள் சுடக் கூடாதவையும் இருக்கும். காவலர் உண்மையான ஆபத்தை முதன்முறையாகச் சந்திக்கும் இடம் தெருவாக இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப் போர்

ஃபேர்பேர்ன் 1940 இல் துணை ஆணையர் நிலையில் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். பிரான்சு வீழ்ந்து, ஜெர்மானியப் படையெடுப்பு நிகழும் என அஞ்சப்பட்ட காலம் அது. 55 வயதான அவருக்குப் படையில் கேப்டன் பதவி வழங்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் லொகைலோர்ட் எனும் இடத்தில் இருந்த சிறப்புப் பயிற்சி மையத்தில் அவரும் சைக்சும் பயிற்றுநர்களாயினர். அமைதியான தோற்றமும் கண்ணாடியும் கொண்ட இரு முதியவர்களைக் கண்ட இளம் வீரர்கள் முதலில் ஐயுற்றதாகவும், முதல் வகுப்பிலேயே அந்த ஐயம் நீங்கியதாகவும் கூறப்படுகிறது.

விளையாட்டு விதிகளுக்கு உட்பட்டுச் சண்டையிடுவதே கண்ணியம் எனக் கற்று வளர்ந்தவர்கள் இவ்வீரர்களுள் பலர். அவர்களிடம் இருந்த தயக்கத்தை நீக்குவதே ஃபேர்பேர்னின் முதற்பணியாக இருந்தது. தாக்குபவர் எந்த விதியையும் ஏற்காதபோது, தாக்கப்படுபவர் மட்டும் விதிகளைப் பின்பற்றுவது உயிரிழப்பில் முடியும் என அவர் கற்பித்தார். உத்திகளின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்துக்கொண்டு, அவை சிந்திக்காமலே வெளிப்படும் வரை திரும்பத் திரும்பப் பயிற்சி அளித்தார். தொடங்கிய பின் பாதியில் நிறுத்தாமல், ஆபத்து நீங்கும் வரை தொடர்ந்து முன்னேறுவதே உயிர்பிழைக்கும் வழி என்பதும் அவரது போதனையாகும்.

1940 நவம்பரில் ஃபேர்பேர்னும் சைக்சும் இலண்டனில் வில்கின்சன் சுவார்ட் நிறுவனத்துடன் பேசிக் கத்தி ஒன்றின் வடிவத்தை இறுதி செய்தனர். 1941 சனவரியில் அதன் உற்பத்தி தொடங்கியது. இருபுறமும் கூர்மையும் ஒடுங்கிய முனையும் கொண்ட இக்கத்தி பின்னர் பிரித்தானியக் கமாண்டோ படைகளின் சின்னமாகவே மாறியது.

1942 இல் ஃபேர்பேர்ன் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் இருந்த கேம்ப் எக்ஸ் எனும் இரகசியப் பயிற்சி முகாமுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளித்தார். சி.ஐ.ஏ. அமைப்பின் முன்னோடியான இதில் அவருடன் பணியாற்றிய ரெக்ஸ் ஆப்பில்கேட் இம்முறையை அமெரிக்கப் படைத்துறையிலும் காவல்துறையிலும் பரப்பினார். ஷாங்காய் பயிற்சி வீட்டின் மாதிரியில் இங்கும் இருண்ட பயிற்சி வீடுகள் கட்டப்பட்டன. ஃபேர்பேர்ன் லெப்டினன்ட் கேணல் நிலைக்கு உயர்ந்தார். அமெரிக்க அரசு அவருக்கு லீஜன் ஆஃப் மெரிட் விருதை வழங்கியது.

பெண்களுக்கான தற்காப்பு

போர்க்காலத்தில் விளக்குகள் அணைக்கப்பட்ட நகரங்களில் தொழிற்சாலைப் பணி முடித்துத் தனியே திரும்பும் பெண்களை மனத்திற்கொண்டு 1942 இல் ஃபேர்பேர்ன் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். மணிக்கட்டுப் பிடி, கழுத்து நெரிப்பு, பின்னாலிருந்து கட்டிப் பிடித்தல் ஆகியவற்றிலிருந்து விடுபடும் முறைகள் அதில் விளக்கப்பட்டன. குடை, தீப்பெட்டி போன்ற அன்றாடப் பொருட்களைத் தற்காப்புக்குப் பயன்படுத்தும் முறைகளையும் அவர் தம் நூல்களில் விளக்கினார்.

இந்நூலின் நோக்கம் தாக்கியவரை வெல்வது அன்று. தப்பிச் செல்வதே ஆகும். வலிமை குறைந்தவருக்கு எதிர்பாராத தன்மையே பெரிய ஆயுதம் எனவும், அஞ்சியவர் போலத் தோன்றுவதும் ஓர் உத்தியாகலாம் எனவும் அவர் கருதினார். அச்சம் கொள்வதை அவர் இழிவாகக் கருதவில்லை. அச்சத்தின்போது செய்ய வேண்டிய ஒரு செயலை முன்கூட்டியே அறிந்திருப்பவர் உறைந்து நிற்பதில்லை என்பதே அவர் கருத்தாகும்.

பிற்காலம்

போருக்குப் பின் 1950களில் சிங்கப்பூரிலும் சைப்பிரசிலும் காவல்துறையின் கலகத் தடுப்புப் பிரிவுகளுக்கு ஃபேர்பேர்ன் பயிற்சி அளித்தார். இவருடைய ஷாங்காய்க் கால நண்பரான சைக்ஸ் 1945 இல் இறந்தார். ஃபேர்பேர்ன் 1960 ஜூன் 20 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள வொர்திங்கில் தமது 75 ஆவது வயதில் காலமானார்.

விமர்சனங்கள்

ஃபேர்பேர்னின் போர்க்கால நூலில், உடலின் இரத்தக் குழாய்கள் வெட்டப்பட்டால் எவ்வளவு நேரத்தில் நினைவு தப்பும் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று உள்ளது. அதிலுள்ள அளவுகள் பல உடற்கூற்றியல்படி தவறானவை எனப் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. குறிபார்க்காமல் சுடும் முறையும் விவாதத்துக்கு உள்ளானது. அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் 1950களிலிருந்து இரு கைகளாலும் பற்றிக் குறிபார்த்துச் சுடும் முறையை வளர்த்தெடுத்தார். மிகக் குறைந்த தொலைவில் மட்டுமே ஃபேர்பேர்னின் முறை பொருந்தும் என்பது இம்முறையினரின் வாதமாகும்.

போர்க்களத்துக்கென உருவான உத்திகளைப் பொதுவாழ்வில் அப்படியே பயன்படுத்த முடியாது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆபத்தின் அளவுக்கு ஏற்ற வலிமையை மட்டுமே பல நாடுகளின் சட்டங்கள் தற்காப்பாக ஏற்கின்றன. தாக்கியவர் செயலிழந்த பின்னும் தாக்குவது குற்றமாகக் கருதப்படலாம்.

இவரது அறிவு உருவான இடமும் வரலாற்றாசிரியர்களின் கவனத்துக்கு உரியது. ஷாங்காய் மாநகரக் காவல்துறை சீன மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத வெளிநாட்டு ஆட்சியின் கருவியாக இருந்தது. கொள்ளையரிடமிருந்து மக்களைக் காத்த அதே பயிற்சி, அவ்வாட்சிக்கு எதிராகத் திரண்ட மக்களை அடக்கவும் பயன்பட்டது. பன்னாட்டுக் குடியிருப்பு 1943 இல் முடிவுக்கு வந்தது.

தாக்கம்

ஃபேர்பேர்னின் குறிப்பிட்ட அடிகளும் பிடிகளும் பெருமளவு மாற்றம் பெற்றுவிட்டபோதும், அவரது பயிற்சிக் கொள்கைகள் நிலைத்துள்ளன. குறைவான, எளிய அசைவுகளைக் கற்றல், உண்மை நிலையை ஒத்த சூழலில் பயிலுதல், அச்சத்தின் உடல் விளைவுகளைக் கணக்கில் கொள்ளுதல், தப்பிப்பதையே இலக்காகக் கொள்ளுதல் ஆகியவை இன்றைய தற்காப்புப் பயிற்சிகள் பலவற்றில் இடம்பெறுகின்றன. ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தியின் உருவம் பிரித்தானிய அரச கடற்படையின் கமாண்டோ பிரிவுச் சின்னத்தில் இடம்பெற்றுள்ளது.

எழுதிய நூல்கள்

டிஃபெண்டு (1926)
சயின்டிஃபிக் செல்ஃப்-டிஃபென்ஸ் (1931)
ஆல்-இன் ஃபைட்டிங் (1942) – அமெரிக்கப் பதிப்பு கெட் டஃப்! எனும் பெயரில் வெளிவந்தது
ஷூட்டிங் டு லிவ் (1942) – எரிக் அந்தோணி சைக்சுடன் இணைந்து எழுதியது
செல்ஃப்-டிஃபென்ஸ் ஃபார் விமன் அண்ட் கேர்ள்ஸ் (1942) – அமெரிக்கப் பதிப்பு ஹேண்ட்ஸ் ஆஃப்! எனும் பெயரில் வெளிவந்தது